மறைபரப்பு ஞாயிறு: காணிக்கையும் செபமும் – கேள்வி பதில்

அக்டோபரில் கடைசிக்கு முந்தைய ஞாயிறு உலக மறைபரப்பு ஞாயிறு, மறைபரப்புப் பணிக்காகச் செபித்துக் காணிக்கை எடுக்கும் நாள். அதையொட்டி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

பங்குப் பேரவை உறுப்பினர்: அன்றைய காணிக்கையில் பாதியைக் கோயிலுக்கு வெள்ளையடிக்க எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சரியா?

கூடாது. ஒரு நோக்கத்துக்கென்று மக்கள் கொடுத்ததை அதற்கு மட்டுமே செலவிட வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1267. அன்று விழும் காணிக்கை முழுவதும் மறைமாவட்டம் வழியாக, திருத்தந்தையின் கீழ் இயங்கும் பாப்பிறை மறைபரப்புச் சங்கங்களுக்குப் போக வேண்டும். இதில் பெரும்பாலும் யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்காது, கோளாறு தொடங்குவது பையில்தான். வழக்கமான பையிலேயே எடுத்து, சீட்டு எழுதாமல் அலுவலக மேசையில் வைத்துவிடுகிறார்கள். மறுநாள் கரண்ட் பில் கட்ட ஆள் வருவார், பணமும் கையெட்டும் தூரத்தில் இருக்கும்! அதனால் தனிப் பை வையுங்கள். பூசை முடிந்ததும் இருவர் எண்ணி, எந்த நோட்டு எத்தனை என்று எழுதி, இருவருமே கையெழுத்துப் போட வேண்டும். காணிக்கைக் கவர்கள் அடுத்த ஞாயிறும் வரும் என்பதால், மாதக் கடைசி வரை அந்தக் கணக்கை மூடாதீர்கள்.

இளையோர் குழு: மாதாமாதம் வசூலிக்கத் தொடங்கினோம், மூன்றாம் மாதமே நின்றுவிட்டது. என்ன தவறு?

மாதக் கணக்குதான் தவறு. 1822இல் பிரான்சின் லியோன் நகரில் பவுலின் ஜாரிக்கோ என்ற பெண் தொடங்கிய விசுவாசப் பரப்புதல் சங்கத்தின் பலமே வாரம் ஒரு காசுதான். பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர், பத்துப் பொறுப்பாளர்களுக்கு இன்னொருவர் என்று பத்துப் பத்தாக வளர்ந்தது. வாரம் 10 ரூபாய் யாருக்கும் சுமையில்லை. பத்துப் பேர் சேர்ந்தால் ஆண்டுக்கு 5,200 ரூபாய். அதையே மாதம் 40 என்று கேட்டால், இரண்டு மாதம் விட்டவருக்கு 80 பாக்கி. பாக்கிக்காரர் பொறுப்பாளரைக் கண்டாலே ஒதுங்குவார், பிறகு கூட்டத்துக்கும் வரமாட்டார். விட்ட வாரத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். இன்னொன்று, அந்தச் சங்கத்தில் செபமும் சேர்த்தி: தினமும் ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம், ‘புனித பிரான்சிஸ் சவேரியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’. வசூல் நோட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதி வைத்துவிடுங்கள்.

ஒரு சகோதரி: அம்மா படுக்கையில் இருக்கிறார்கள், கொடுக்கப் பணமில்லை. என்ன செய்யலாம்?

லிசியே நகர் புனித தெரேசாள் கார்மெல் மடத்தில் சேர்ந்தபின் அதைவிட்டு எந்த மறைபரப்பு நாட்டுக்கும் போனதில்லை. 1897இல் 24 வயதில் இறந்தார். ஆனால் 1927இல் சவேரியாருக்கு இணையாக மறைபரப்பின் பாதுகாவலியானார். மறைபரப்புக் குரு ஒருவரையும், மறைபரப்புக்குப் போகவிருந்த குருமாணவர் ஒருவரையும் பெயர் சொல்லிச் செபத்தில் தாங்கியவர் அவர். அம்மாவுக்கும் ஒரு குருவின் பெயரையும் ஊரையும் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். ‘எல்லா மறைபரப்பாளர்களுக்காகவும்’ என்ற பொதுவான வேண்டுதல் பத்து நாளில் வாயளவில் நின்றுவிடும். முழுச் செபமாலை சொல்ல மூச்சு வாங்கினால் வாழும் செபமாலையில் சேர்த்துவிடுங்கள். அதுவும் ஜாரிக்கோ தொடங்கியதே. ஆளுக்குத் தினம் பத்து மணிதான், ஒரு மறைபொருள்தான் (இயேசு, மரியாள் வாழ்வில் தியானிக்கும் ஒரு நிகழ்ச்சி). அன்று மறைபொருள்கள் 15, அதனால் 15 பேர். 2002இல் ஒளியின் மறைபொருள்கள் சேர்ந்ததால் இப்போது 20 பேர்.

பங்கு அலுவலக உதவியாளர்: பூசைக் கருத்துகள் (இன்னாருக்காக என்று மக்கள் காணிக்கை கொடுத்துக் கேட்கும் பூசைகள்) குவிந்துவிட்டன. வடகிழக்கில் பணிபுரியும் குருக்களுக்கு அனுப்பலாமா?

தாராளமாக. பூசைக் காணிக்கையே அங்கே பல குருக்களுக்கு அன்றாடச் செலவுக்கு ஆகிறது. ஆனால் வாங்கிய தொகையை அப்படியே அனுப்ப வேண்டும், அனுப்பும் செலவைக் கழிக்கக் கூடாது. பத்துப் பேரிடம் தனித்தனியாக வாங்கியிருந்தால் பத்துப் பூசை. கொடுத்தவர்கள் தெரிந்தே சம்மதித்தால்தான் ஒரே பூசையாகச் சேர்த்து வைக்க வழியுண்டு, அதற்கும் வரம்பு இருக்கிறது. பட்டியலைப் பெற்றுக்கொண்டதாக அந்தக் குருவின் பதில் வரும்வரை பொறுப்பு உங்களுடையது. பதில் வந்ததும் பதிவேட்டில் ஏற்றுங்கள். நினைவுநாள், முப்பதாம் நாள் போன்ற தேதி குறித்த பூசைகளை மட்டும் அனுப்பவே வேண்டாம்.

கனடாவிலிருந்து: தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்த ஃபாதர் கணக்குக்கே மிஷன் பணத்தைப் போடலாமா?

வேண்டாம், அவர்தான் மாட்டிக்கொள்வார். நீங்கள் கனடா குடியுரிமை பெற்றவர் என்றால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள நிறுவனம், டில்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையிலுள்ள தன் கணக்கில்தான் அதை வாங்க முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு நிறுவனம் வாங்கி இன்னொன்றுக்குக் கைமாற்றவும் முடியாது. ஆகவே பணம் எங்கே செலவாக வேண்டுமோ, அந்த நிறுவனத்துக்கே பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் இந்தச் சட்டம் குறுக்கே வராது.

இன்னொருவர்: பழைய துணி அனுப்பலாமா?

அங்கிருந்து கேட்டால் மட்டும். லாரி வாடகையில் அங்கேயே புதுத்துணி வாங்கலாம்.

மறைக்கல்வி ஆசிரியை: சிறுவர்களுக்கு எப்படிப் பழக்குவது?

1843இல் ஆயர் ஃபோர்பன்-ஜான்சன் தொடங்கிய திருப்பாலத்துவ சபையின் விதி இன்றும் போதும்: தினம் ஒரு அருள்நிறை மந்திரம், மாதம் ஒரு காசு. உண்டியலைத் திறக்கும் நாளுக்கு முந்தின இரவு அப்பா 500 ரூபாய் நோட்டைத் திணிப்பதுதான் இதில் பெரிய தொல்லை. எந்தப் பிள்ளையின் உண்டியலில் எவ்வளவு என்று வாசிக்காமல் வகுப்பின் மொத்தத்தை மட்டும் சொல்லுங்கள், அது தானாக நின்றுவிடும்.