அந்தக் கண்ணாடி டப்பாக்களை முதலில் எடுங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. கண் அழுத்த நோயால் நாலு வருஷத்துக்கு முன்பே பார்வை போய்விட்டது. ஆனாலும் சமையலை விடமாட்டேன் என்கிறார். போன மாதம் ரசச் சட்டியை இறக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டார். அதற்கு முந்தின வாரம் மஞ்சள்தூள் என்று மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டுவிட, பருப்புச் சாதத்தை வாயில் வைத்த என் மகள் அலறிவிட்டாள். இத்தனைக்கும் பொங்கலுக்கு முன்னால்தான் சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டினோம். இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரே மாதிரி கண்ணாடி டப்பாக்கள் என்று பார்க்கவே அழகாக இருக்கிறது. பணிப்பெண்ணும் இருக்கிறார். இனி சமைக்க வேண்டாம் என்று அம்மா மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? – வாசகர், செங்காங், சிங்கப்பூர்

பதில்: தம்பி, அந்த "இத்தனைக்கும்" என்ற வார்த்தையிலேயே நான் நின்றுவிட்டேன். கண் போய் நாலு வருஷம். அந்த நாலு வருஷத்தில் சூடு பட்டதாகவோ மிளகாய் மாறியதாகவோ ஒரு வரி எழுதவில்லை நீங்கள், நடந்திருந்தால் கட்டாயம் எழுதியிருப்பீர்கள். பொங்கலுக்கு முன்னால் ரெனோவேஷன், அதற்கப்புறம் வரிசையாக இரண்டு விபத்து. இந்தக் கணக்கு உங்களுக்குப் புரியவில்லையா, இல்லை புரிந்தும் அம்மா தலையில் கட்டப் பார்க்கிறீர்களா?

பார்க்கவே அழகாக இருக்கிறதாம். யார் பார்க்க?

அம்மாவின் பழைய அஞ்சறைப் பெட்டி என்ன ஆச்சு என்று நீங்கள் சொல்லவில்லை. உடைத்த ஓடுகளோடு குப்பைக்குப் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அதில் எந்தக் கிண்ணத்தில் எது என்பது அவர் விரலுக்குத் தெரியும். கடுகு உருளும், சீரகம் நீளமாகக் கோடு கோடாக இருக்கும், வெந்தயத்துக்கு மூலை உண்டு. தூள் இரண்டும்தான் தொட்டால் ஒன்றுபோல இருக்கும், அதனால்தான் மஞ்சளையும் மிளகாயையும் எதிரெதிர்ப் பக்கம் வைப்பது. அதை எடுத்துவிட்டு, உயரமும் மூடியும் ஒரே அச்சில் வார்த்த பன்னிரண்டு டப்பாவை வரிசையாக அடுக்கிப் பெயரையும் ஒட்டிவைத்தால் எப்படி? ஒட்டிய காகிதத்தை அவர் எதை வைத்துப் படிப்பார்?

என் மாமியாருக்குச் சர்க்கரை நோயில் கண் போனது. தோ பாயோவில் எங்கள் மூவறை வீட்டில் அதற்கப்புறமும் ஒன்பது வருஷம் அவர்தான் சமைத்தார். சட்டியை அடுப்பில் சரியாக உட்காரவைத்த பிறகுதான் பற்றவைப்பார். எண்ணெயைப் போத்தலிலிருந்து ஊற்றவே மாட்டார், வாயகன்ற கிண்ணத்தில் வைத்திருந்து, காம்பை நேர்மேலாக வளைத்த ஒரு கரண்டியால் முகந்து விடுவார், ஒரு முகவை என்றால் ஒரு முகவைதான். புறங்கையை உயரப் பிடித்துச் சூடு பார்ப்பார். கடுகு படபடத்து ஓய்ந்ததும் உளுந்து, உளுந்து சிவந்ததை மூக்கு சொல்லிவிடும். வெங்காயத்தை இரண்டாகப் பிளந்து வெட்டிய பக்கத்தைப் பலகையில் கவிழ்த்து, விரல் நுனியை உள்ளே மடக்கி, கத்தி விரல் முட்டியை உரசிக்கொண்டே போகும்படி நறுக்குவார். பலகைக்கு அடியில் ஈரத்துணி, அதற்கும் அடியில் பெரிய தாம்பாளம், ஒரு துண்டு வெளியே சிதறாது. ஒரு நாள் நான் உப்புச் சாடியை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டேன். "உன் வீட்டு வாசலை நான் தூக்கி அந்தப் பக்கம் வச்சா நீ எங்க போய் முட்டுவ?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

இப்போது உங்கள் அடுப்புக்கு வருகிறேன். இண்டக்‌ஷனில் தீ இல்லை, சேலை பிடிக்காது, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் வழுவழு கண்ணாடியில் எங்கே தொட்டால் எரியும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? திருகும் குமிழ் வைத்ததாக வாங்கியிருக்கலாம், சரி, காசு போட்டாகிவிட்டது. மேடாக இருக்கும் சின்னப் புள்ளி ஸ்டிக்கர் கிடைக்கும், அதைப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், பொத்தான் மேலேயே ஒட்டினால் அது வேலை செய்யாமல் போகலாம். சட்டியை இறக்கி வைக்க அடுப்பை ஒட்டி ஓர் இடம், அங்கே யாரும் எதையும் வைக்கக்கூடாது, உங்கள் கைப்பேசி உட்பட. முன்பு அவருக்கு அப்படி ஓர் இடம் இருந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். முழங்கை வரை வரும் கையுறை ஒன்று. உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், சர்க்கரைக்கு இரண்டு. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கவும், சூடாக எதையாவது தூக்கிக்கொண்டு போனால் வாய்விட்டுச் சொல்லவும் பணிப்பெண்ணுக்குப் பழக்குங்கள். அதற்கு முன்னால் நீங்கள் பழகுங்கள்.

தோ பாயோ ரைசில் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது, 1951ல் தொடங்கியது, கால்டிகாட் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். அன்றாட வீட்டு வேலைகளுக்கும் அங்கே பயிற்சி தருகிறார்கள். அம்மாவோடு நீங்களும் போய் உட்காருங்கள், பணிப்பெண்ணை அனுப்பிவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். உங்கள் மனைவியையும் இதில் இழுக்காதீர்கள். பெற்ற தாய் விஷயத்தில் லீவு போடவேண்டியது மகன்தான், இதில் நான் பழைய காலத்து ஆள், மாறப்போவதில்லை.

மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். சொல்லவே வேண்டாம். உங்களுக்கு ரசம் வைத்துக் கொடுத்த கையைக் கட்டிப்போட்டு, சோபாவில் உட்காரவைத்து, வேளாவேளைக்கு யாரோ சமைத்த சோற்றைக் கொடுத்துவிட்டு அதைக் கடமை என்று நினைத்துக்கொள்ள உங்களுக்கு நான் வழி சொல்லித் தரமாட்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு தேக்கா போங்கள். பாத்திரக் கடையில் எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டி நாலைந்து அளவில் இருக்கும். நீங்கள் எடுக்காதீர்கள். ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுங்கள், கிண்ணம் ஆடுகிறதா, மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். நேரமாகும். பின்னால் நிற்பவர்கள் காத்திருக்கட்டும்.