ஊர்க்கூடத்தில் அறிவியல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒவ்வொரு சிற்றூரிலும் மாதம் ஓர் அறிவியல் உரையும், இரண்டு மாதத்துக்கு ஒரு களப்பயணமும் நடக்க வேண்டும் என்று சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நானும் சக ஆசிரியர்கள் இருவரும் சேர்ந்து மாதந்தோறும் அறிவியல் உரை நடத்துகிறோம். முதல் கூட்டத்துக்கு அறுபது பேர் வந்தார்கள்; நான்காவது கூட்டத்துக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். பேச்சாளர்கள் அனைவரும் முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர்கள். எங்கே தவறினோம்?
*ஓர் ஆசிரியை, போளூர்*

கடிதத்தோடு நான்கு கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலையும் இணைத்து அனுப்பியிருந்தீர்கள். அதற்காகத் தனியே நன்றி. வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்போர் அறிமுகம், வாழ்த்துரை வழங்க இருவர், பொன்னாடை அணிவித்தல் ஆகிய எல்லாம் முடிந்து சிறப்புரை தொடங்கும்போது ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழிந்திருக்கிறது. மூன்றாவது கூட்ட அறிக்கையில் 'நேரமின்மையால் கேள்வி நேரம் தவிர்க்கப்பட்டது' என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். ஐம்பது பேர் விலகிப் போனதற்கான காரணம் அந்த ஒரு வரியில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மக்கள் அறிவியல் கூட்டத்துக்கு வருவது, தாம் வெகுநாளாக மனத்தில் வைத்திருக்கும் ஏதோ ஒரு சந்தேகத்தை ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான். அந்த வாயிலை அடைத்துவிட்டால், எவ்வளவு படித்தவர் பேசினாலும் அடுத்த மாதம் அவர்கள் வரமாட்டார்கள். வரவேற்பையும் நன்றியையும் ஐந்து நிமிடத்துக்குள் ஒருவரே சொல்லி முடிக்கட்டும். உரை முப்பத்தைந்து நிமிடம் போதும். அதற்கு மேலான நேரம் முழுவதையும் கேள்விகளுக்குக் கொடுங்கள்.

இரண்டாவதாக, பேச்சாளரை உறுதி செய்யும்போது, 'எதைப் பற்றிப் பேசுவீர்கள்' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'எதைக் கொண்டுவந்து காட்டுவீர்கள்' என்றும் கேளுங்கள். லண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் விரிவுரைகள் இன்றும் பேசப்படுவதற்கு, மேசை மேல் ஏதாவது ஒன்று எரிந்தும் கொதித்தும் சுழன்றும் கொண்டிருந்ததே பெரிய காரணம். அங்கே 19 முறை அந்த விரிவுரைத் தொடரை நிகழ்த்திய மைக்கேல் ஃபாரடே, ஒரே ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு ஒரு தொடர் முழுவதையும் நடத்தியிருக்கிறார். அவரே பொதுமக்களுக்கான உரைகளின் பிள்ளை என்பதை நாம் மறக்கக் கூடாது. புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்த அந்த இளைஞர், 1812-இல் அங்கே வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் உரைகளைக் கேட்டு, எடுத்த குறிப்புகளைத் தம் கையாலேயே புத்தகமாகக் கட்டி அவருக்கு அனுப்பிவைத்ததன் வழியாகத்தான் மறு ஆண்டு அந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார்.

அந்த மெழுகுவத்திச் சோதனையை நாங்கள் எங்கள் ஊரில் செய்து பார்த்தோம். சுடர் ஆடக் கூடாது என்பதால் மின்விசிறிகளை எல்லாம் நிறுத்தச் சொன்னோம். சித்திரை வெயில் நாளாக இருந்தும் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. திரியை ஒட்டிச் சுடரின் நடுவே கருமையாகத் தெரியும் பகுதியில் வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைப் பிடித்ததும், மறுமுனை வழியாக வெண்மையான ஆவி மெல்ல இறங்கிவந்தது. அதில் தீக்குச்சியைக் காட்டியதும், மெழுகுவத்தியிலிருந்து ஒரு சாண் தள்ளி இன்னொரு குட்டிச் சுடர் எரிந்தது. எரிவது கட்டி மெழுகு அன்று, மெழுகின் ஆவியே என்பதை அதற்குப் பிறகு வாயால் விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து, 'அகல் விளக்கில் திரியை அதிகமாகத் தூண்டிவிட்டால் ஏன் புகைகிறது?' என்று கேட்டார். திரி நீளும்போது எண்ணெய் கூடுதலாக ஏறி ஆவியாகிறது, அத்தனையும் எரிந்து முடிக்க அங்கே காற்று போதவில்லை, எரியாத கரி புகையாக வெளியேறுகிறது என்ற பதிலும், அதிலிருந்து லாரிப் புகை, விறகடுப்பு, கண்மை என்று கிளைத்த கேள்விகளுமாக இருபது நிமிடம் போனது தெரியவில்லை. அன்றைய உரை நாங்கள் திட்டமிட்டதைவிட நன்றாக அமைந்ததற்குக் காரணம் அந்த அம்மாதான்.

பேச்சாளருக்கு என்ன சன்மானம் தருவது? எங்களிடம் நிதி இல்லை.
*ஒரு வாசகர், துறையூர்*

போக்குவரத்துச் செலவைக் கட்டாயம் கொடுத்துவிடுங்கள், உங்களில் ஒருவர் வீட்டில் சாப்பாடு போடுங்கள். கேள்வி கேட்கும் கூட்டம் இருக்கும் ஊருக்கு இரண்டாம் முறையும் மகிழ்ச்சியோடு வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆளைத் தேடுவதில் சிரமம் இருந்தால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளையை அணுகுங்கள். 1980-இல் தொடங்கிய அந்த இயக்கமும், அது 1987 முதல் வெளியிட்டுவரும் 'துளிர்' இதழும் இந்த வேலைக்கென்றே இருப்பவை.

தொலைநோக்கி முதலிய கருவி எதுவும் இல்லாமல் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று செய்யக்கூடிய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுங்கள்.
*இளைஞர் மன்றச் செயலாளர் ஒருவர், விழுப்புரம்*

நிழலில்லா நாளை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் ஆண்டுக்கு இரண்டு நாள் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அன்று உச்சிப்பொழுதில், செங்குத்தாக நிற்கும் பொருளின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடுகிறது. இது கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களுக்கு மட்டுமே உரிய காட்சி. தில்லியில் இருப்பவர்களுக்கு இது என்றுமே கிடையாது. தமிழ்நாட்டில் எல்லா ஊருக்கும் உண்டு. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ஐ ஒட்டி நிகழ்ந்து, நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, சென்னைக்கு ஏப்ரல் 24 அன்று வந்து சேர்கிறது. சூரியன் தெற்கே திரும்பி வரும்போது சென்னையில் மறுபடி ஆகஸ்ட் 18. உங்கள் ஊர் இடையில் இருப்பதால் உங்கள் நாளும் இடையில்தான் வரும். நாளைப் புத்தகத்தில் தேடிச் சொல்லிவிடாமல், பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விடுவதையே நான் விரும்புவேன். ஏப்ரல் முதல் வாரம் தொடங்கி நாள்தோறும் நடுப்பகலில் கம்பின் நிழலை அளந்து எழுதச் சொன்னால், வடக்கே விழும் நிழல் குறுகிக் குறுகி ஒரு நாள் மறைந்து, அதற்குப் பின் தெற்கே நீளத் தொடங்குவதை அவர்கள் தம் குறிப்பேட்டிலேயே காண்பார்கள். நடுப்பகல் என்பது கடிகாரத்தின் பன்னிரண்டு மணியன்று என்பதையும் அப்போதே தெரிந்துகொள்வார்கள். நம் கடிகாரங்கள் 82.5 பாகை (டிகிரி) கிழக்குத் தீர்க்கரேகைக்கு ஏற்ப ஓடுகின்றன. அதற்கு மேற்கே இருக்கும் உங்கள் ஊரில் ஏப்ரல் மாத உச்சிப்பொழுது 12 மணி 10 நிமிடத்தை ஒட்டி வரும்.

நாங்கள் முதல் ஆண்டு இதைச் செய்தபோது, கம்பாக நிறுத்தியிருந்த குழாயின் நிழல் மறையவே இல்லை. கணக்கில் பிழை என்று நாங்கள் தாளைப் புரட்டிக்கொண்டிருக்க, அருகில் சுவர் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, 'தரை ஓட்டமா இருக்குங்க' என்று சொல்லி, தம் ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் எடுத்துவந்தார். தரையில் ஒரு பலகையைப் போட்டு, அடியில் ஓட்டுச் சில்லைச் சொருகி மட்டம் பார்த்து, குழாயைத் தூக்குக்குண்டுக்கு நேராக அவர் நிறுத்திய இரண்டாம் நிமிடத்தில் நிழல் முழுவதும் அடியில் ஒடுங்கியது. அன்று முதல் அவர் எங்கள் குழுவில் இருக்கிறார். ஆகவே உங்கள் ஊர்க் கொத்தனார் ஒருவரை முன்கூட்டியே அழைத்துவிடுங்கள்.

முடிந்தால் தெற்கே ஓர் ஊரிலுள்ள பள்ளியோடு தொலைபேசியில் சேர்ந்துகொள்ளுங்கள். சென்னையில் நிழல் மறையும் நாளில், கன்னியாகுமரியின் உச்சிப்பொழுதில் 1 மீட்டர் கம்புக்கு ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் நிழல் தெற்கே விழும். அது 5 பாகைக் கோணத்தைக் குறிக்கிறது. இரு ஊர்களுக்கும் வடக்குத் தெற்காக உள்ள தூரம் ஏறத்தாழ 555 கிலோமீட்டர். 5 பாகைக்கு 555 என்றால் 360 பாகைக்கு எவ்வளவு என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை கணக்கிட்டால் பூமியின் சுற்றளவான 40,000 கிலோமீட்டர் கிடைத்துவிடும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் செய்த கணக்கும் இதே வழியில் அமைந்ததுதான்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் சென்னைக் கடற்கரையில் இரவில் நடக்கும் ஆமை நடைக்குப் போக வேண்டும் என்கிறாள். இரவெல்லாம் நடந்து ஆமையைப் பார்க்காமல் திரும்புகிறவர்களே அதிகம் என்கிறார்கள். இதனால் என்ன பயன்?
*ஒரு தாய், காஞ்சிபுரம்*

ஆமையைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் அதிகம் என்பது உண்மை. மகளிடம் அதை முதலிலேயே சொல்லி அனுப்புங்கள். மாணவர்களே சேர்ந்து 1988-இல் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடத்தும் இந்த நடை, முட்டைகளைக் காப்பாற்றுவதற்கான வேலை. பொதுமக்கள் அந்த வேலையில் உடன் செல்கிறார்கள், அவ்வளவே. மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் இனம்தான் நம் கரைக்கு வருகிறது. பெயரே அதன் காலத்தைச் சொல்லிவிடுகிறது. டிராக்டர் சக்கரம் உருண்டதுபோல ஈர மணலில் ஏறிச் சென்ற தடமும், இறங்கிப் போன தடமும் தெரியும். இரண்டும் சேரும் இடத்தில் அனுபவமுள்ளவர் மெல்லிய கம்பியால் மணலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, மணல் இளகும் இடத்தைக் கண்டு கையால் தோண்டுவார். முழங்கை ஆழத்தில், மேசைப்பந்து அளவில், தோல் போன்ற ஓட்டோடு நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கும். அவற்றைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுசென்று அதே ஆழத்தில் மீண்டும் புதைத்தால் ஏறக்குறைய ஐம்பது நாளில் குஞ்சுகள் வெளிவருகின்றன. மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகளும் குளிர்ச்சியாக இருந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும் என்ற செய்தியை, மணலில் கைவைத்துக்கொண்டு கேட்பதற்கும் வகுப்பில் கேட்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. குஞ்சுகள் ஒளியை நோக்கித்தான் நகரும் என்பதால் கரையோரத் தெருவிளக்குகளே அவற்றுக்கு எமனாக இருப்பதையும் அந்த இரவில் அவள் நேரில் புரிந்துகொள்வாள். கைவிளக்கு ஏற்றக் கூடாது, ஒளிவீசும் கேமரா கூடாது என்ற விதிகளை அவள் மீறாதிருக்கட்டும். நல்ல செருப்பும் தண்ணீர்ப் பாட்டிலும் கொடுத்து மகிழ்ச்சியோடு அனுப்பிவையுங்கள்.

கிரகணத்தைப் பற்றிய எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, 'கிரகண நேரத்தில் சாப்பிடக் கூடாது என்று முன்னோர் சொன்னது பொய்யா?' என்று கோபத்தோடு கேட்டார். பேச்சாளர் அவரை மடக்கிப் பேசிவிட்டார். பெரியவர் எழுந்து போய்விட்டார். என்ன சொல்லியிருக்க வேண்டும்?
*ஒரு கல்லூரி மாணவர், கரூர்*

பெரியவர் எழுந்து போனதைப் பார்த்து உங்களுக்கு வருத்தம் ஏற்பட்டதே, அது நல்ல தொடக்கம். கிரகணத்தால் உணவு கெடுவதில்லை. சூரிய கிரகணம் என்பது நிலவின் நிழல், நிழலில் வைத்த சோறு நஞ்சாவதில்லை. இதை மழுப்பாமல் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கேட்டவரைச் சபையில் தோற்கடித்துவிட்டு இதைச் சொல்வதில் பயனில்லை. 2019 டிசம்பர் 26 அன்று உங்கள் ஊர் உட்படத் தமிழ்நாட்டின் பல ஊர்களில், சூரியனின் நடுப்பகுதி மறைந்து விளிம்பு மட்டும் வளையமாகத் தெரியும் வளைய கிரகணம் நிகழ்ந்தது. அன்று காலை நான் திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூரில் இருந்தேன். வெளியே வர மறுத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவரை யாரும் வற்புறுத்தவில்லை. ஒரு சிறுமி ஓடிவந்து, 'தாத்தா, வேப்பமர நிழலைப் பாருங்க' என்று மட்டும் சொன்னாள். இலைகளின் இடைவெளி ஒவ்வொன்றும் ஊசித்துளையாகி, தரையெங்கும் நூற்றுக்கணக்கான பிறைகள் சிதறிக் கிடந்தன. பார்த்துக்கொண்டே இருக்கையில் அவை வளையங்களாயின. அவர் திண்ணையை விட்டு இறங்கிவந்து, கீழே குனிந்து உள்ளங்கையை நீட்டி, ஒரு வளையத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார். பிறகு எங்களோடு அமர்ந்து சுண்டலும் சாப்பிட்டார். உங்கள் ஊர்ப் பெரியவரின் வீட்டுக்கு நேரில் சென்று பேசுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அழையுங்கள். 2031 மே 21 அன்று மதுரை உள்ளிட்ட பகுதிகளில் மீண்டும் வளைய கிரகணம் வருகிறது. சூரியனை வெறுங்கண்ணாலோ பழைய எக்ஸ்ரே படத்தாலோ பார்க்கக் கூடாது, அதற்கென்று செய்த கண்ணாடியால்தான் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் எல்லோருக்கும் அழுத்தமாகச் சொல்லுங்கள்.

மாணவர்களைக் காவலூர் வானாய்வகத்துக்கு அழைத்துப் போவதா, அந்தப் பணத்தில் சிறிய தொலைநோக்கி ஒன்று வாங்குவதா?
*பெற்றோர் ஆசிரியர் கழகத்தினர், ஆம்பூர்*

உங்களுக்குக் காவலூர் அருகில்தான் இருக்கிறது என்பதால், இந்த ஆண்டு பயணம், அடுத்த ஆண்டு தொலைநோக்கி என்று வைத்துக்கொள்ளலாம். ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்துள்ள அந்த வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் வானியலாளர் வேணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்பும் கதை அங்கிருக்கும் 1 மீட்டர் தொலைநோக்கியைப் பற்றியது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, மறைப்புக்கு முன்பே அந்த விண்மீனின் ஒளி சற்று மங்கியது அங்கே பதிவானது. புதிய துணைக்கோள் ஒன்று என்று முதலில் கருதினார்கள். பிற இடங்களில் பதிவானவற்றோடு சேர்த்துப் பார்த்தபோது, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தது. நம் மலையின் மேல் நின்று பார்த்தவர்களுக்கும் அந்தக் கண்டுபிடிப்பில் பங்கு உண்டு. முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்று, மழைமேகம் இல்லாத தை, மாசி மாதங்களில் செல்லுங்கள்.

தொலைநோக்கி வாங்கியபின் முதல் நிகழ்ச்சியைப் பௌர்ணமியன்று வைக்காதீர்கள். முழுநிலவில் ஒளி நேராக விழுவதால் பள்ளமும் மேடும் தெரியாமல் வெறும் வெளிச்சமாக இருக்கும். வளர்பிறை சப்தமி, அஷ்டமி நாள்களில், ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டிக் கிண்ணக்குழிகளின் நிழல் நீண்டு விழுந்து, மலைகள் கண்ணெதிரே நிமிர்ந்து நிற்கும். மாலை மயங்கும்போதே நிலவு உச்சியில் இருப்பதால் சிறுவர்களை வெகுநேரம் காக்கவைக்கவும் வேண்டாம். வரிசையில் நிற்பவர்களில் கண்வில்லைக்கு எட்டாதவர்களே அதிகமாக இருப்பார்கள். ஆட்டமில்லாத முக்காலி ஒன்றை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.