‘பார்க்கலாம்’ என்று ஏன் பதில் போட்டீர்கள்?

கேள்வி: அரசு மருத்துவமனைகளுக்குக் கட்டில் சப்ளை செய்கிறோம். மூன்று டெண்டர்களில் ஒரே நிறுவனம் சொற்ப வித்தியாசத்தில் எங்களை முந்தியது. உள்ளே ஆள் வைத்திருப்பார்களோ என்று சந்தேகம். அவர்கள் இதுவரை போட்ட விலைகளை எக்செல்லில் தொகுத்திருக்கிறோம், இது தவறா? பழைய டெண்டர்களை எதிர்த்து வழக்குப் போடலாமா? போன வாரம் அவர்களே, ‘இந்தத் தடவை நீங்க எடுங்க, அடுத்தது எங்களுக்கு’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டார்கள். ‘பார்க்கலாம்’ என்று பதில் போட்டேன்.

பதில்: வழக்கை விடுங்கள். 1998ஆம் ஆண்டு தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு 10 நாள்தான். அது எப்போதோ போய்விட்டது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டாலும் வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு நிற்க முடியாது.

எக்செல் தவறில்லை. டெண்டர் முடிந்து வெளியான விலைகளைத் தாராளமாக அலசுங்கள். திறக்காத உறையின் விலையை அலுவலகத்தில் யாராவது காசுக்குச் சொல்ல வந்தால் மட்டும் ஓடிவிடுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவருக்கும் சிறை உண்டு.

எனக்கு உறுத்துவது அந்தக் கடைசி வார்த்தை. 2002ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தில் ‘ஒப்பந்தம்’ என்றால் கையெழுத்துப் போட்ட காகிதம் மட்டும் அல்ல, வாய்மொழிப் புரிதலும் சேரும். நீங்கள் மறுக்காமல் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டு, டெண்டரில் அவர்கள் வேண்டுமென்றே விலையை ஏற்றிப் போட்டால், கூட்டுச்சதி இல்லை என்று விளக்க வேண்டியது நீங்கள்தான். அபராதம், கூட்டு நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தின் மூன்று மடங்கு வரை அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம் வரை, எது அதிகமோ அது. பொறுப்பில் இருந்த இயக்குநரும் தனியாகச் சிக்குவார். இந்திய உணவுக் கழகத்தின் 2009 டெண்டரில் மூன்று நிறுவனங்கள் பூச்சிக்கொல்லி மாத்திரைக்குக் கிலோ 388 ரூபாய் என்று ஒரே விலை போட்டன. மேல்முறையீட்டில் அபராதத்தைக் குறைத்தார்கள். 2017இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குறைப்பை ஏற்றது, ஆனால் குற்றத்திலிருந்து விடுவிக்கவில்லை.

என்னிடம் வந்த ஒருவர், ‘நாங்க பேசவே இல்ல சார்’ என்று சத்தியம் செய்தார். இரண்டு நிறுவனங்களின் விலைப்பட்டியலிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை இருந்தது. முன்வைப்புத் தொகைக்கு எடுத்த டிடிகளின் எண்கள் அடுத்தடுத்து இருந்தன. அப்புறம் சத்தியத்தை யார் கேட்பது?

இன்றே அதே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: ‘இதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. எங்கள் விலையை நாங்களே முடிவு செய்வோம்.’ போனில் சொன்னால் அதற்குச் சாட்சி இல்லை. பழைய மெசேஜை அழிக்கவே அழிக்காதீர்கள். அழித்தது தெரிந்தால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். ஏற்கெனவே ஏதாவது டெண்டரில் இப்படி ‘அட்ஜஸ்ட்’ செய்திருந்தால் அதையும் மறைக்காமல் ஒரு வக்கீலிடம் சொல்லுங்கள். போட்டிச் சட்டத்தில் 2023இல் வந்த சமரச வழி இந்த மாதிரிக் கூட்டுக்குக் கிடையாது. இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் போட்டி ஆணையத்திடம் முதலில் போய் உண்மையைச் சொல்பவருக்குத்தான் அபராதம் முழுவதும்கூடத் தள்ளுபடி ஆக வாய்ப்பு உண்டு. உங்கள் ‘பார்க்கலாம்’ அவர்கள் போனிலும் இருக்கிறது.