ஃப்ரையர் பழுது பார்ப்பவர்களைப் பழக்குவது எப்படி? கேள்வி பதில்

கோவையில் உணவகச் சமையற்கூட இயந்திரங்களைப் பழுது பார்க்கும் தொழிலில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். அவற்றுள் கடைசி 9 ஆண்டுகள், புதிதாக வரும் இளைஞர்களைப் பழக்குவதிலேயே பெரும்பாலும் கழிந்தன. ஃப்ரையர், அதாவது எண்ணெயில் பொரிக்கும் இயந்திரம், அதன் வேலையைக் கற்பிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஈரோடு, சர்வீஸ் நிலைய உரிமையாளர்): ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் முடித்த நான்கு பேரைச் சேர்த்திருக்கிறேன் ஐயா. ஒரு பழைய ஃப்ரையரைப் பிரித்துப் பூட்டுவதிலிருந்து பயிற்சியைத் தொடங்கலாமா?

வேண்டாம் ஐயா. முதல் மூன்று நாள்கள் அவர்கள் கையில் ஸ்பேனரே கொடுக்காதீர்கள். தெரிந்த ஓர் உணவகத்தில் அனுமதி பெற்று, மாஸ்டரின் பக்கத்தில் நிற்க வையுங்கள். காலையில் எண்ணெய் ஊற்றுவது முதல் இரவில் வடித்துத் துடைப்பது வரை அவர்கள் முழுவதும் பார்க்க வேண்டும். கூடையை எங்கே இடிக்கிறார்கள், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணர்குமிழ் அந்த இடியில் எப்படி வளைகிறது, எண்ணெயை வடிக்கும் வடிவால்வை முழுதாக மூடாமல் விட்டால் அதிலுள்ள பாதுகாப்பு சுவிட்ச் ஏன் பர்னரை எரிய விடுவதில்லை என்பதையெல்லாம் கண்ணால் கண்டவர்தான், 'ஃப்ரையர் வேலை செய்யவில்லை' என்று வரும் தொலைபேசி அழைப்பில் சரியான கேள்வியைக் கேட்பார். சூடேற்றும் குழாய்களுக்குக் கீழே குளிர்ந்திருக்கும் பகுதியையும் அவர்கள் பார்க்கட்டும். உதிரும் மாவுத் துகள்கள் அங்கே போய்த் தங்குவதால்தான் அவை கருகாமல் இருக்கின்றன.

நான்காம் நாள் மூன்று எண்களை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பொரிப்பது 180 டிகிரி செல்சியஸ் அளவில். சுத்திகரித்த எண்ணெய் பலவும் புகையத் தொடங்குவது 230 டிகிரியை ஒட்டி. தீப்பொறியே இல்லாமல் எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்வது ஏறத்தாழ 360 டிகிரியில்; பழைய எண்ணெய் அதற்கும் முன்பே பற்றும். ஃப்ரையருக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகமும் முதல் எண்ணில் எண்ணெயை நிறுத்துவதற்காகவோ, மூன்றாவது எண்ணுக்குப் போகாமல் தடுப்பதற்காகவோதான் இருக்கிறது.

கேள்வி (திருச்சி, டெக்னீஷியன்): கேஸ் ஃப்ரையரில், பர்னரைப் பற்றவைக்கும் சிறு சுடரான பைலட் பற்றுகிறது, அழுத்திப் பிடித்த குமிழை விட்டதும் அணைந்துவிடுகிறது. எங்கள் நிலையத்தில் கேஸ் வால்வை மாற்றுவதே வழக்கம். சில நேரம் அதற்குப் பிறகும் அதே பழுது வருகிறது. ஏன்?

பயிற்சியின் குறை அப்படியே வெளிப்படும் இடம் இது. வால்வுதான் அந்தச் சுற்றிலேயே விலை கூடிய பாகம். என் அனுபவத்தில் மிக அரிதாகப் பழுதாகும் பாகமும் அதுவே.

பைலட் சுடர் சுடுகிற தெர்மோபைல், தானே ஒரு சிறு மின்சாரத்தை உண்டாக்கி, வால்வைத் திறந்தே வைத்திருக்கும் காந்தத்தைப் பிடித்து வைக்கிறது. 750 மில்லிவோல்ட் வகை என்றால், ஒரு முனையைக் கழற்றி, சுமையில்லாமல் அளக்கும்போது நல்ல நிலையில் 500 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டும். பல தெர்மோகப்பிள்கள் சேர்ந்ததுதான் தெர்மோபைல்; ஒற்றைத் தெர்மோகப்பிள் மட்டும் உள்ள இயந்திரத்தில் வெறும் 25 முதல் 30 மில்லிவோல்ட்தான் வரும். ஒரு வோல்ட்டுகூட இல்லாத சுற்று இது என்பதை இளைஞர்கள் மனத்தில் பதிய வையுங்கள். பல இயந்திரங்களில் இதே சுற்று, எண்ணெய் அளவு மீறிச் சூடானால் துண்டித்துவிடும் ஹை லிமிட் வழியாகவும் போய்த் திரும்புகிறது. அங்கே ஒரு முனை எண்ணெய்ப் பிசுக்கு ஏறித் தளர்ந்திருந்தால், அந்த ஓர் ஓம் தடையே காந்தத்தை விடுவிக்கப் போதும். 230 வோல்ட்டில் பழகியவருக்கு ஓர் ஓம் பெரிதாகத் தோன்றாது. இங்கே அதுதான் பழுது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் குனிந்து சுடரைப் பார்க்க வேண்டும். அது நீலமாக, தெர்மோபைலின் நுனியில் ஒரு சென்டிமீட்டர் அளவை முழுதாகச் சூழ்ந்திருக்க வேண்டும். மஞ்சளாகவோ தொட்டும் தொடாமலுமோ இருந்தால் பைலட்டுக்குக் கேஸ் வரும் சிறு துளையான ஜெட்டைச் சுத்தம் செய்தாலே பாதி வேலை முடியும். அடுத்து மல்டிமீட்டர். அதன்பின் ஒவ்வொரு முனையாகக் கழற்றித் துடைத்துப் பூட்டுவது. வால்வின் முறை கடைசியில்தான் வரும். புகைபோக்கி விசிறி ஓடும்போது மட்டும் அணைகிறதா என்றும் மாஸ்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். காற்றோட்டம் இழுத்து அணைக்கும் சுடரை எந்தப் புதிய வால்வாலும் காப்பாற்ற முடியாது. ஒவ்வொரு முறை அணைந்த பிறகும் ஐந்து நிமிடம் பொறுத்தே மீண்டும் பற்ற வைக்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் ஃப்ரையரின் அடியிலேயே தேங்கி நிற்கும்.

கேள்வி (சேலம், பயிற்சியில் இருப்பவர்): ஹோட்டலில் கூட்ட நேரம். ஹை லிமிட் பழுது, கையில் மாற்றுப் பாகமும் இல்லை. அன்று ஒரு மாலைக்கு மட்டும் ஷார்ட் செய்து ஓட்டலாமா அண்ணா?

கூடாது தம்பி. ஒரு மணி நேரத்துக்கும் கூடாது.

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, எண்ணெய் புகைகிறது என்று ஒரு சமையற்கூடத்திலிருந்து அழைத்தார்கள். மின்சார ஃப்ரையர் அது. நான் போனபோது மாஸ்டர் மெயினை அணைத்து, மூடி போட்டு வைத்திருந்தார். அப்போதும் என் வெப்பமானி 251 டிகிரி காட்டியது. ஆறவிட்டு முன்பலகையைக் கழற்றினேன். ஹீட்டருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்ததால், தெர்மோஸ்டாட் அணைத்தும் ஹீட்டர் அணையவில்லை. இதற்காகவே அந்த இயந்திரத்தில் இரண்டாவது கான்டாக்டர் ஒன்று உண்டு; ஹை லிமிட் விடுவிக்க வேண்டியது அதைத்தான். ஆனால் ஹை லிமிட்டின் இரு முனைகளையும் விரல் நீளச் சிவப்பு ஒயர் ஒன்று இணைத்திருந்தது. அதன்மேல் டேப் மிக நேர்த்தியாகச் சுற்றப்பட்டிருந்தது. டேப் சுற்றிய விதத்தைப் பார்த்ததுமே யாருடைய கை என்று தெரிந்துவிட்டது. என்னிடம் ஆறு மாதம் பழகியவர். ஹை லிமிட்டை எப்படி மாற்றுவது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அது எதற்காக இருக்கிறது என்பதைச் சொல்லிக் கொடுக்கத் தவறியிருந்தேன்.

அன்றுமுதல் என் பயிற்சியில் ஹை லிமிட் பாடம் முதல் வாரத்துக்கு வந்துவிட்டது. மாற்றுப் பாகம் இல்லையென்றால் கேஸையோ மின்சாரத்தையோ துண்டித்து, 'பயன்படுத்தக் கூடாது' என்று எழுதி மாட்டிவிட்டு வர வேண்டும். முதலாளி கோபித்தால் அவர் என்னிடம் பேசட்டும் என்று என் எண்ணைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் உங்கள் மேலாளரிடம் இந்த ஆதரவை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூட்ட நேரத்தில் தனியாக நிற்கும் இளைஞருக்கு அது மிகவும் தேவை.

கேள்வி (தூத்துக்குடி, டெக்னீஷியன்): சில வாரம் ஓடாமல் கிடந்த மின்சார ஃப்ரையர், போட்டதும், மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி.யைத் தட்டிவிடுகிறது. ஹீட்டரின் ஓம் சரியாகவே இருக்கிறது.

கடற்கரை ஊர்களில் இதை எதிர்பார்க்கலாம். ஹீட்டர் குழாய்க்குள் அடைத்திருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை இழுக்கும். கம்பியின் தடையை அளந்தால் இது தெரியாது. மின்காப்பை அளக்கும் கருவியான 500 வோல்ட் மெக்கரில் கம்பிக்கும் உறைக்கும் நடுவே அளக்க வேண்டும். ஒரு மெகாவோமுக்குக் கீழே வந்தால், ஹீட்டரைக் கழற்றி ஓவனில் மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் அளந்து பாருங்கள். ஏறாவிட்டால் மாற்றிவிடுங்கள். ஈ.எல்.சி.பி.யை ஒதுக்கிவிட்டு ஓட்டுவது, மேலே சொன்ன சிவப்பு ஒயருக்குச் சமம்.

புதிய ஹீட்டரைப் பூட்டும்போது இன்னொன்றையும் சொல்லிக் கொடுங்கள். 230 வோல்ட், 3 கிலோவாட் ஹீட்டர் மூன்றை, மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் ஒவ்வொன்றும் 230 வோல்ட் பெறும்படி ஸ்டாரில் இணைத்தால் மொத்தம் 9 கிலோவாட், ஒரு ஃபேஸுக்கு 13 ஆம்பியர். அதே மூன்றையும் தவறாக டெல்டாவில் இணைத்தால், ஒவ்வொன்றின் மேலும் 415 வோல்ட் விழுந்து, மொத்தம் 29 கிலோவாட்டைத் தொடும். இந்தக் கணக்கைப் பயிற்சியாளர் தாமே போட்டுக் காட்டாமல், பழகுபவரைப் போட வைக்க வேண்டும்.

கேள்வி (மதுரை, உணவக உரிமையாளர் ஒரு பெண்மணி): எண்ணெய் சீக்கிரமே கறுத்துவிடுகிறது. இதற்கும் டெக்னீஷியனுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு அம்மா. தெர்மோஸ்டாட் 15 டிகிரி கூடுதலாக ஓடினால் பண்டம் கெடுவதற்கு முன் எண்ணெய் கெட்டுவிடும். உணர்குமிழுக்கு அருகில் வெப்பமானியைப் பிடித்து, பர்னர் மூன்று நான்கு முறை எரிந்து அணைந்த பிறகு, அணையும் கணத்தில் வாசிப்பதே சரியான முறை. முதல் முறை அணையும்போது காட்டும் எண்ணை நம்பித் தெர்மோஸ்டாட்டைத் திருகுபவர் தவறாகத்தான் திருகுவார். எண்ணெய் கெடக் கெட அதில் கூடும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. அதை அளக்கும் கருவி ஒன்றை உங்கள் மாஸ்டரிடம் கொடுங்கள். அளக்க நாங்கள் பழக்கித் தருகிறோம். எண்ணெய் படும் இடத்தில் யாரும் செம்புப் பாகம் எதையும் பொருத்த விடாதீர்கள். செம்பு எண்ணெயைக் கெடுக்கும்.

கேள்வி (கரூர், பயிற்சியாளர்): ஒருவரைத் தனியாக அனுப்பலாம் என்று எப்போது முடிவு செய்கிறீர்கள்?

நான் தேர்வுத்தாள் வைப்பதில்லை. தொட்டியில் நீரூற்றிக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யும் வேலையை முழுவதும் அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பேசாமல் நிற்பேன். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டராக விரியும். வடிகுழாயின் வளைவில் ஒரு டம்ளர் நீர் தங்கியிருந்தாலும், அடுத்து ஊற்றும் எண்ணெய் சூடேறும்போது பொங்கித் தெறித்து மாஸ்டரின் கையைச் சுட்டுவிடும். எல்லாம் முடித்து, 'ஆயிற்று சார்' என்று சொல்வதற்கு முன், வடிவால்வைத் திறந்து, உலர்ந்த துணியைக் கம்பியில் சுற்றி உள்ளே விட்டு, எடுத்து விரலால் தடவிப் பார்க்கிறாரா என்று கவனிப்பேன். நான் சொல்லாமலே அதைச் செய்த வாரத்தில், அவருக்குத் தனி வண்டியும் கருவிப் பெட்டியும் கொடுத்துவிடுவேன்.