அடிபட்ட காரை யாரிடம் விடுவது?

விபத்துக்குப் பிறகு டிங்கரிங், பெயிண்டிங் வேலைக்கு எந்தப் பட்டறையை நம்புவது என்று பல கடிதங்கள் வந்திருக்கின்றன. சிலவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: விபத்து நடந்த பதற்றத்தில் இருந்தேன். இழுவை வண்டிக்காரர் தனக்குத் தெரிந்த பட்டறையில் காரை இறக்கிவிட்டுப் போய்விட்டார். வேறு இடத்துக்கு மாற்ற முடியுமா?

தாராளமாக மாற்றலாம், கார் உங்களுடையது. வேலையைத் தொடங்கச் சம்மதம் என்று ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டீர்களா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். இழுத்துவந்த கூலியும் நிறுத்திவைத்த வாடகையும் கேட்பார்கள். ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். வாடகை நாளுக்கு நாள் ஏறும், அதனால் இன்றைக்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள். ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் தருகிற பட்டறைகள் உண்டு. அந்தக் கமிஷன் கடைசியில் உங்கள் பில்லில்தான் வந்து நிற்கும்.

கேள்வி: மூன்று இடத்தில் எஸ்டிமேட் வாங்கினேன். ஒன்று மற்றவற்றில் பாதிகூட இல்லை. அங்கேயே கொடுத்துவிடலாமா?

மொத்தத் தொகையை விட்டுவிட்டு வரிவரியாக ஒப்பிடுங்கள். ஃபெண்டரை (சக்கரத்துக்கு மேல் உள்ள தகடு) மாற்றப் போகிறார்களா, தட்டி நிமிர்த்தப் போகிறார்களா? புதிய பாகம் என்றால் ஒரிஜினலா, வேறு கம்பெனியுடையதா, உடைத்த வண்டியிலிருந்து கழற்றியதா? குறைந்த எஸ்டிமேட்டில் பெரும்பாலும் இந்த விவரமே இருக்காது. விலை குறைவு என்று ஒருமுறை வேறு கம்பெனி பம்பர் வாங்கினேன். ஹெட்லைட் ஓரத்து இடைவெளி கடைசி வரை சேரவே இல்லை.

இன்னொன்று. பம்பரைக் கழற்றிய பிறகுதான் உள்ளே எவ்வளவு அடி என்பது தெரியும். அப்போது தொகை கூடினால் அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. உங்களையும் சேதத்தை மதிப்பிட வரும் இன்ஷூரன்ஸ் சர்வேயரையும் கேட்காமல் கூடுதல் வேலையைச் செய்துவிட்டுப் பில் நீட்டினால், அதுதான் ஏமாற்று.

கேள்வி: பம்பர்தான் உடைந்தது. சென்சார், கேமரா சரிபார்க்கத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். தேவையா?

உங்கள் காரில் தானாக பிரேக் பிடிக்கும் வசதி இருந்தால் தேவைப்படலாம். அதற்கான ரேடார் பல கார்களில் முன்பக்க கிரில்லுக்கோ பம்பருக்கோ பின்னால் இருக்கும். சற்றே கோணம் மாறினாலும் முன்னால் இருப்பது எங்கே இருக்கிறது என்பதைத் தப்பாகக் கணக்குப் போடலாம். தயாரிப்பாளரின் கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் காரின் கம்ப்யூட்டரைச் சோதித்து எடுத்த ஸ்கேன் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அறிக்கை தராதவருக்குக் கட்டணம் தர வேண்டாம்.

கேள்வி: பின்பக்கம் அடிபட்ட என் காரைப் பழுது பார்த்துக் கொடுத்தார்கள். புதுசு மாதிரி பளபளத்தது. முதல் மழையிலேயே டிக்கிக்குள் தண்ணீர். போய்க் கேட்டால் "பழைய வண்டி, அப்படித்தான்" என்கிறார்கள்.

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். பளபளப்பை நம்பியதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு பாலிஷ் போட்டிருக்கிறார்கள்.

முன்பு நான் வாங்கிய பழைய கார் ஒன்று இப்படித்தான் மின்னியது. "சின்னக் கீறல்தான் இருந்தது" என்றார் விற்றவர். பிறகு டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்தபோது தெரிந்தது: தகடு முழுக்கச் சுருக்கம், அதன்மேல் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை), அதற்கும் மேல் கறுப்புப் பூச்சு. நகத்தால் நெருடினாலே பட்டி உதிர்ந்தது. டிக்கி மூடியின் ஒரு பக்க இடுக்கில் சுண்டுவிரல் நுழைந்தது, மறுபக்கம் காகிதம்கூட நுழையவில்லை.

பெயிண்ட் கடைசி வேலை. எல்லோரும் அதை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்கிறோம் என்பது எனக்கு வெகுநாள் ஆதங்கம். காரின் முன்னும் பின்னும் உள்ள சட்டம் மோதலின் வேகத்தை வாங்கி நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. அது சரியான அளவில் நிற்காவிட்டால் அடுத்த மோதலின் அடி உள்ளே இருப்பவர்கள் மேல் வரும். இப்போதைய கார்களில் உள்ள சில உயர்வலிமை எஃகுகளைச் சூடாக்கி இழுத்தால் பலமே போய்விடும், அவற்றை வெட்டி எடுத்துப் புதிதாகத்தான் வைக்க வேண்டும். பட்டி என்பது தகட்டை நிமிர்த்திய பிறகு மிஞ்சும் சிறு மேடுபள்ளத்துக்கு மட்டும். நிமிர்த்தாமல் கனமாக அப்பினால் நாளடைவில் வெடிக்கும், ஈரம் உள்ளே போய்த் துரு பிடிக்கும். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் தடிமன்தான். அளவுக் கருவி 1000-க்கு மேல் காட்டினால் அடியில் பட்டி இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

அதனால் எந்தப் பட்டறையிலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் வந்து பார்க்கலாமா?" சரி, வாங்க என்பவரிடம் விடுவேன். சேஸிஸை, அதாவது காரின் அடிச்சட்டத்தை, அளவெடுத்த தாளையும், கழற்றிய பழைய பாகங்களையும் தரத் தயங்காதவர் என்றால் இன்னும் நல்லது.

நீங்கள் இப்போது அதே பட்டறைக்காரர் கைவைக்க விடாதீர்கள். வேறு இடத்தில் காட்டி, படங்களோடு அறிக்கை வாங்கி, எழுத்தில் புகார் கொடுங்கள். கிளெய்ம் மூலம் செய்த வேலை என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு பிரதி போகட்டும். பிறகு நுகர்வோர் அமைப்பு இருக்கிறது. விடாதீர்கள்.

கேள்வி: அவசரத்தில் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். தொகை எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. இப்போது பில் இரண்டு மடங்கு.

காலித் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது என்று இதே பகுதியில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன். வாகனம் வாங்கும்போது கலர் பார்க்க அரை நாள் செலவழிக்கிறோம், ஒரு பக்கம் படிக்க நேரமில்லை என்கிறோம். சரி, பில்லை வரிவரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் வாங்கிய ரசீதைக் கேளுங்கள். காட்ட முடியாததற்குப் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: ஏர்பேக் விரிந்த காரைச் சரிசெய்து வாங்கினேன். சாவி திருப்பும்போது ஏர்பேக் விளக்கு எரிவதே இல்லை. நல்லதுதானே?

காரை ஓட்டாதீர்கள். அந்த விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைத் துண்டித்திருக்கலாம், உள்ளே ஏர்பேக்கே இல்லாமலும் இருக்கலாம். மோதலின்போது சீட் பெல்ட்டை இறுக்கும் இழுப்பானையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: புதிதாக அடித்த கதவு நிழலில் சரியாக இருக்கிறது, வெயிலில் வேறு நிறம்.

திருப்பிக் கொண்டுபோங்கள். மெட்டாலிக் நிறத்தைப் பக்கத்துக் கதவு வரை கலந்து அடிக்க வேண்டும், அதைச் செய்யவில்லை. காரை எப்போதும் பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

கேள்வி: குழந்தைக்கான சீட்டில் கீறல்கூட இல்லை. தொடர்ந்து வைத்துக்கொள்ளலாமா?

மோதல் பலமாக இருந்திருந்தால் வேண்டாம். விரிசல் உள்ளே இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. புதிய சீட்டின் விலையைக் கிளெய்மில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். பழையதை யாருக்கும் இலவசமாகக் கூடக் கொடுக்காமல், பட்டைகளை வெட்டிவிட்டுத் தூக்கிப் போடுங்கள்.