விழுந்த பிறகு வரும் சண்டை

கேள்வி: எனக்கு 27 வயது. சிறு வயதிலிருந்தே சபைக்குப் போகிறவன். இரவில் தனியாக இருக்கும்போது கைபேசியில் பார்க்கக் கூடாததைப் பார்க்கும் பழக்கம் சில வருடங்களாக இருக்கிறது. ஜெபக் குழுவில் ஓர் அண்ணன் இது அசுத்த ஆவியின் வேலை என்று சொல்லி, தலையில் கைவைத்து விடுதலை ஜெபம் செய்தார். ஒரு மாதம் நன்றாக இருந்தேன், அப்புறம் மறுபடியும் விழுந்துவிட்டேன். இப்போது ஜெபிக்க உட்கார்ந்தாலே கர்த்தரைப் பற்றி அசிங்கமான எண்ணங்கள் வருகின்றன. சபையில் அப்பமும் ரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்தில் சேருவதையும் நிறுத்திவிட்டேன். இது பிசாசா, நானா? எப்படி எதிர்த்து நிற்பது?
(பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர்)

பதில்: தம்பி, இரண்டும்தான். யாக்கோபு தன் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் பிசாசின் பேச்சையே எடுக்காமல், ‘அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்’ என்கிறார். நாலாம் அதிகாரத்துக்கு வந்ததும் ‘பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்’ என்கிறார். அதனால் எல்லாப் பழியையும் ஓர் ஆவியின் தலையில் போட்டுவிட்டு நாம் கை கழுவ முடியாது. வெறும் கெட்ட பழக்கம், அவ்வளவுதான் என்று பிசாசைக் கணக்கிலேயே எடுக்காமல் விடவும் முடியாது.

உங்களுக்காக ஜெபித்த அண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். அக்கறையுள்ளவர் என்று தெரிகிறது. ஆனால் ஒரே ஜெபத்தில் வேலை முடிந்துவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அது சரியில்லை. வனாந்தரத்தில் நம் ஆண்டவரிடமே தோற்றுப்போன பிசாசு ‘சிலகாலம்’ தான் விலகிப் போனான் என்று லூக்கா எழுதுகிறார். உங்கள் விஷயத்தில் அது ஒரு மாதம். நீங்கள் விடுதலையை இழந்துவிட்டதாக இதற்கு அர்த்தம் கிடையாது.

எப்படி நிற்பது என்று கேட்கிறீர்கள். இச்சை விஷயத்தில் வேதம் நிற்கவே சொல்லவில்லையே, ஓடத்தானே சொல்கிறது! கொரிந்தியருக்கும் தீமோத்தேயுவுக்கும் பவுல் எழுதுவது ‘விலகியோடு’ என்றுதான். யோசேப்பு, தன்னைப் பாவத்துக்கு அழைத்த எஜமானன் போத்திபாரின் மனைவிக்கு முதலில் நியாயம் எடுத்துச் சொன்னான், நாள்தோறும் மறுத்தான். அவள் வஸ்திரத்தைப் பிடித்த அன்று ஒரு வார்த்தை பேசவில்லை, வஸ்திரத்தை அவள் கையிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடினான். நடு இரவில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு, ‘இயேசுவின் நாமத்தில் அப்பாலே போ’ என்று சொல்லிக்கொண்டே திரையையும் தள்ளிக்கொண்டிருந்தால் அது எந்த ஊர் யுத்தம்? கைபேசி வேறு அறையில் தூங்கட்டும். காலையில் எழுப்ப அலாரம் வேண்டும் என்றால் ஒரு சாதாரணக் கடிகாரம் போதும். ‘இவ்வளவு சின்ன விஷயமா ஆவிக்குரிய போராட்டம்?’ என்று தோன்றலாம். ஆமாம், பெரும்பாலும் இவ்வளவு சின்ன விஷயம்தான்.

வசனம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆண்டவர் மூன்று சோதனைக்கும் உபாகமத்திலிருந்துதான் பதில் சொன்னார். ஆனால் பிசாசும் 91-ஆம் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டுதான் வந்தான். வசனத்தை மந்திரம் மாதிரி உருப்போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் சொன்ன வசனம் அவர் அந்த நேரத்தில் எடுத்த முடிவு. பிதாவின் சொல்லுக்குக் கீழ்ப்படிவேன் என்ற முடிவு.

சரி, உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த இடத்துக்கு வருகிறேன். அது கைபேசி அல்ல. ‘திருவிருந்தில் சேருவதையும் நிறுத்திவிட்டேன்’ என்ற வரி.

சோதிக்கிறவனுக்கு வெளிப்படுத்தின விசேஷத்தில் இன்னொரு பெயர் இருக்கிறது: இரவும் பகலும் குற்றஞ்சாட்டுகிறவன். விழுவதற்கு முன்னால் ‘இதில் என்ன இருக்கிறது, ஒரே ஒரு தடவை’ என்பான். விழுந்த பின்னால் அதே வாய், ‘நீயெல்லாம் ஒரு விசுவாசியா? எந்த முகத்தோடு ஜெபிக்கப் போகிறாய்?’ என்று கேட்கும். முதல் பேச்சு பொய் என்று உங்களுக்குத் தெரிகிறது. இரண்டாவது பேச்சை மட்டும் பரிசுத்த ஆவியானவர் சொல்வதாக எடுத்துக்கொள்கிறீர்கள். ஆவியானவர் பாவத்தைக் கண்டித்து உணர்த்துவார், உண்மை. ஆனால் பிதாவிடம் திரும்பி வரச் சொல்லித்தான் உணர்த்துவார். ஓடி ஒளியச் சொல்லும் குரல் அவருடையது அல்ல.

ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசும், அவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவும் ஒரே இரவில் விழுந்தவர்கள். இருவருமே மனம் கசந்தார்கள். யூதாஸ் தனியாகப் போய் உயிரை முடித்துக்கொண்டான். பேதுரு அழுதுவிட்டு, மற்ற சீஷர்களோடு இருந்தான். அந்த இரவுக்கு முன்பே ஆண்டவர் சொன்னதைக் கவனியுங்கள்: சாத்தான் உங்களைப் புடைக்க உத்தரவு கேட்டிருக்கிறான், ‘நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்’. பேதுரு மறுதலிக்கப் போவது அவருக்குத் தெரியும். அவர் வேண்டிக்கொண்டது விழுகைக்கு அப்புறம் வரும் நேரத்துக்காக. ‘நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து’ என்று அடுத்த வேலையையும் அப்போதே கொடுத்துவிட்டார். ஆகவே மறுபடி விழுந்தால், பத்து நாள் தகுதி சேர்த்துக்கொண்டு அப்புறம் ஜெபிக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அதே நிமிடத்தில், அதே அழுக்கோடு ஜெபியுங்கள்.

ஜெபத்தில் வரும் அசிங்கமான எண்ணங்கள்: நீங்கள் விரும்பாமல், வெறுத்துக்கொண்டிருக்கும்போதே வருகிற எண்ணம் பாவம் அல்ல, தொல்லை. 17-ஆம் நூற்றாண்டுப் பிரசங்கியார் ஜான் பனியனை ‘கிறிஸ்துவை விற்றுவிடு’ என்ற எண்ணம் சாப்பிடும்போதும் விறகு வெட்டும்போதும்கூட விடாமல் துரத்தியது என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அப்படி வரும் எண்ணத்தோடு மல்லுக்கட்டாதீர்கள், அது பாட்டுக்குப் போகட்டும் என்று ஜெபத்தைத் தொடருங்கள். ஆனால் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்து தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால், மனநல மருத்துவரைப் பார்ப்பது அவிசுவாசம் அல்ல. இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

இன்னொன்று. இதுவரை இந்தப் பழக்கம் முழுவதுமாக உங்களுக்கும் இருட்டுக்கும் மட்டுமே தெரிந்திருக்கிறது. ஜெபக் குழுவிலும் முழுவதும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ‘உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு’ என்றும் யாக்கோபு சொல்லியிருக்கிறார். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். வாயை அடக்கத் தெரிந்த, உங்களைவிட மூத்த ஓர் ஆண் போதும். வாரம் ஒரு முறை அவர் உங்களை நேரடியாகக் கேட்க வேண்டும், நீங்கள் மழுப்பாமல் சொல்ல வேண்டும். உங்கள் போதகர் அப்படிப்பட்டவர் என்றால் அவரிடமே தொடங்குங்கள்.

திருவிருந்தைப் பற்றியும் அவரிடமே பேசிவிடுங்கள். தன்னைத்தானே சோதித்தறிந்து அப்பத்தில் புசிக்கக்கடவன் என்றுதான் பவுல் எழுதினார், சோதித்தறிந்து வீட்டிலேயே இருக்கக்கடவன் என்று எழுதவில்லை. இந்த வாரமே அறிக்கையிட்டுவிட்டு, அடுத்த திருவிருந்து ஆராதனைக்குப் போங்கள்.