மின்வாளில் விரலை இழப்பதற்குத் தொழிலாளியின் கவனக்குறைவுதான் காரணமா?

இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துத் தச்சுப் பட்டறைகளோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: விரலை இழந்தவர்களுள் பலர் கைதேர்ந்த தச்சர்கள்.

எங்கள் சிறு பட்டறைகளில், கையில் பிடித்து அறுக்கவேண்டிய வட்டவாளைக் கவிழ்த்துப் பலகை மேசையின் அடியில் பூட்டி, அதன் சுவிட்சைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்திருப்பார்கள். அப்படிப் பூட்டுவதற்காகப் பிளேட்டின் கவசம் கழற்றப்படுகிறது. அறுத்த வெட்டு மூடிவிடாதபடி பிளேட்டின் பின்னால் நிற்கவேண்டிய தகடும் அங்கே இருப்பதில்லை. அவசரத்தில் நிறுத்துவதென்றால் பிளக்கைத்தான் தேடவேண்டும்.

ஈரம் காயாத முதிரை மரத்தை நீளவாட்டில் அறுக்கையில் வெட்டு பின்புறமாக மூடிப் பிளேட்டை நெரிக்கும். அப்போது மேல்நோக்கி எழும் பின்பக்கப் பற்கள் மரத்தைத் தூக்கி அறுப்பவரை நோக்கி எறிய, மரத்தை அழுத்திக்கொண்டிருந்த கை பிடிப்பிழந்து பிளேட்டின் மேலேயே விழுகிறது. கையை இழுத்துக்கொள்ள எவருக்கும் அவகாசம் கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, வன்னிப் பகுதி மரங்களுக்குள் போர்க்காலச் சன்னங்களும் செல் துண்டுகளும் புதைந்து கிடப்பதுண்டு; வெளியே தெரியாத அந்த இரும்பை எந்தக் கவனம் கண்டுபிடிக்கும்?

தோல் பட்டதும் ஏறத்தாழ 5 மில்லி செக்கனில் பிளேட்டை நிறுத்தும் வாள் அமெரிக்காவில் உண்டு. அதன் விலை நமக்கு எட்டாது. ஆனால் கவசமும் பின்தகடும் மரத்தைத் தள்ளும் கட்டையும் எட்டாதவை அல்ல. ஆபத்தான இயந்திரப் பாகங்களை மூடிவைக்கும் பொறுப்பை இலங்கையின் 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே சுமத்துகிறது. ஆகவே கவசமில்லாத வாளைக் கொடுத்துவிட்டுத் தொழிலாளியைக் குறை கூறுவது அநியாயம். கையுறை தீர்வாகாது, பற்கள் அதைப் பற்றிக் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

விரல் துண்டானால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடித்தபடி 1990 என்ற எண்ணில் அம்புலன்சை அழையுங்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, நீர் புகாத பையில் இட்டு, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் பட்டால் திசு கெட்டுவிடும். வேலையிடத்தில் நேர்ந்த விபத்து என்று வைத்தியசாலைப் பதிவில் எழுதச் சொல்லுங்கள். 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் உரிமை கோரும்போது அந்தப் பதிவு பெரிதும் உதவும்.